3+4-ம் ஏழு, 4+3-ம் ஏழு: புராஸ்டேட் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

(திரையில்: ரிப்போர்ட்டின் கடைசி வரி, “க்ளீசன் 3+4=7”)

அப்பாவின் புராஸ்டேட்டிலிருந்து (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள உறுப்பு) ஊசியால் திசு எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோர் கண்ணும் இந்த வரிக்குத்தான் போகும். பத்துக்கு ஏழு என்றால் நோய் முக்கால்வாசி முற்றிவிட்டதோ என்று பதறிப்போகிறார்கள். அப்படி இல்லை. இது பூஜ்யத்தில் தொடங்கும் மார்க் அல்ல. இன்றைய நடைமுறையில், ஊசி பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானால் வரக்கூடிய ஆகக் குறைந்த எண்ணே 6.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நோயியல் மருத்துவராக இருந்தவர் டொனால்ட் க்ளீசன். புராஸ்டேட் புற்றுநோயைத் தரம் பிரிக்க ஒரு வழி வேண்டும் என்று 1962-ல் அவரிடம் கேட்டவர், அங்கே யூராலஜி (சிறுநீர்ப்பாதை மருத்துவம்) பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் மெலிஞ்சர். க்ளீசன் தனித்தனி செல்லை உற்றுப் பார்க்கவில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில், சுரப்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து, ஐந்து வடிவங்களாக வரைந்தார். 1966-ல் இந்த முறை வெளியானது. பல கட்டிகளில் இரண்டு வடிவங்கள் கலந்திருந்தன. அந்த நோயாளிகளின் நிலையும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. சராசரி எடுத்தால் இரண்டரை, மூன்றரை என்று அரையில் வரும். அதனால் இரண்டையும் கூட்டிவிட்டார். அந்தக் கூட்டல்தான் இன்றும் ரிப்போர்ட்டில் நிற்கிறது.

(திரையில்: ஃபார்மலின் டப்பாவில் மிதக்கும் திசுத் துண்டு)

சேமியாத் துண்டு போல இருக்கிறதே, இதுதான் பயாப்ஸி. 18 கேஜ் (ஊசியின் பருமன் அளவு) ஊசி எடுத்து வருவது. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக இருக்காது. வழக்கமாக 12 துண்டுகள். எந்தத் துண்டு எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று டப்பாவிலேயே எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் பின்னிக்கொண்டு உடையும்; இடமும் தெரியாமல் போகும். மெழுகில் பதிக்கும்போது துண்டு மட்டமாகப் படியாவிட்டால், கத்தி ஒரு முனையைத் தொடுவதற்குள் மறுமுனை சீவப்பட்டுப் போய்விடும். அந்த முனையில் ஒரு மில்லிமீட்டர் புற்று இருந்திருந்தால், அதுவும் போயிற்று. அதனால்தான் சுமார் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) கனத்தில், பல ஆழங்களில் வெட்டிப் பார்க்கிறார்கள்.

(திரையில்: மூன்று வடிவங்கள், பக்கம் பக்கமாக)

ஐந்து வடிவங்களில் 1, 2 இரண்டும் இன்று ஊசி பயாப்ஸியில் எழுதப்படுவதில்லை; மிச்சம் மூன்று. வடிவம் 3: சுரப்பிகள் தனித்தனி வளையங்களாக நிற்கும். வடிவம் 4: வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அரைகுறையாக உருவாகும், அல்லது சல்லடைக் கண் போல ஆகும். வடிவம் 5: வளையமே இல்லை, செல்கள் தனியாகவோ, வரிசையாகவோ, திட்டுத்திட்டாகவோ சிதறிக்கிடக்கும்.

தகராறு அதிகம் வருவது 3-க்கும் 4-க்கும் நடுவில். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஓட்டை தெரியும். ஓரத்தைச் சீவினால் தோல்தான் வரும். நல்ல வளையமான சுரப்பியையும் கத்தி ஓரமாகச் சீவினால், அது அரைகுறைச் சுரப்பி போலத் தெரியும். அப்படி ஒன்றிரண்டைப் பார்த்து 4 என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த ஆழத்து வெட்டிலும் பார்க்க வேண்டும்.

புற்றே இல்லாமல் புற்று போலத் தெரிவதும் உண்டு. சுருங்கிப்போன சுரப்பிகள் இதில் பெரிய ஏமாற்றுக்காரர்கள். இயல்பான சுரப்பிக்கு வெளிப்புறமாக அடிச்செல் வரிசை ஒன்று இருக்கும். புற்றில் அது இராது. பி63 என்ற புரதத்தைக் காட்டும் சாயத்தில் அந்த அடிச்செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். ஆனால் சில நல்ல சுரப்பிகளிலும் இந்த வரிசை விட்டுவிட்டுத்தான் இருக்கும். ஒரே ஒரு சுரப்பியில் பழுப்பு இல்லை என்பதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இப்போது கூட்டல். பயாப்ஸியில் முதல் எண், அதிகம் இருக்கும் வடிவம். இரண்டாவது, மிச்சத்தில் மோசமானது. 4 அறுபது சதவீதம், 3 முப்பத்தைந்து, 5 வெறும் ஐந்து என்றாலும் 4+5=9 என்றுதான் எழுத வேண்டும்.

அதே காரணத்தால் 3+4 வேறு, 4+3 வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014-ல் தரக் குழுக்கள் வந்தன: 6 (3+3) என்றால் குழு 1, 3+4 குழு 2, 4+3 குழு 3, 8 என்றால் குழு 4, 9-ம் 10-ம் குழு 5. குழு 1-இல் பலருக்கு உடனே அறுவை தேவைப்படுவதில்லை. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, மறு பயாப்ஸி என்று கண்காணித்தே வரலாம்.

வெறும் “7” என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் போதாது. இரண்டு எண்களையும், வடிவம் 4 எத்தனை சதவீதம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். 3+4 என்ற ஒரே பெயருக்குள் ஐந்து சதவீதமும் நாற்பத்தைந்து சதவீதமும் அடங்கும். முன்னது 6-க்குப் பக்கத்தில், பின்னது 4+3-க்குப் பக்கத்தில்.

ஏற்கெனவே ஹார்மோன் சிகிச்சை எடுத்திருந்தால், பயாப்ஸிச் சீட்டில் அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அந்த மருந்தில் சுரப்பிகள் சுருங்கி, வடிவம் 5 போலத் தெரியும். அந்த மாற்றம் தெரியும் திசுவுக்கு க்ளீசன் எண்ணே போடக் கூடாது.

இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுவதென்றால், ஸ்லைடுகளோடு மெழுகு பிளாக்கையும் லேபிலிருந்து வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்லைடு மட்டும் இருந்தால் திரும்பப் பார்க்கலாம். புதிய வெட்டு எடுத்துச் சாயம் போட பிளாக் வேண்டும்.