துறையைத் தெரிவு செய்வதற்கு முன்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் மொறட்டுவையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, குத்துவிளக்கேற்றி வைத்த அதிபர் அம்மா அவர்களே, இடம் போதாமல் ஓரமாக நிற்கும் பெற்றோரே, பொறியியல் பீடத்துக்குள் புதிதாகக் கால் வைத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் தந்த நிர்வாகக் குழுவினருக்குத் தனியாக நன்றி.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நான் மேடைதோறும் சொல்லுவது, இன்றைக்கும் அதுதான். பொறியியலில் துறையைத் தெரிவு செய்யும்போது அளக்க வேண்டியவை மூன்று: பெறுபேறு, தொழில்வாய்ப்பு, விருப்பம்.

முதலில் பெறுபேறு. மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பொதுப் பாடங்களைத்தான் படிக்கிறார்கள். பிறகு ஜிபிஏ என்கிற சராசரிப் புள்ளியும் விருப்ப வரிசையும் பார்த்துத் துறை கிடைக்கும். நல்ல ஜிபிஏ எடுத்த மகள் குடிசார் (சிவில்) பொறியியல் கேட்டால், "புள்ளியை வீணாக்காதே, கணினிக்குப் போ" என்கிறோம். கையில் காசிருக்கிறது என்பதற்காகக் கடையிலேயே விலைகூடிய சேலையை எடுப்பது மாதிரி! வெளிநாடு போகவும் கணினிதான் வேண்டும் என்றில்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். அந்த நிறுவனம் அங்கீகரித்த பட்டம் எந்தத் துறையானாலும் மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிக்கப்படும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பில் ஒரு மழைக்காலம் கீழ்வீடுகளின் குளியலறைகளுக்குள் கழிவுநீர் ஏறிவிட்டது. மாடிக்கு மாடி பொறியியலாளர்கள். எல்லோரும் மென்பொருள், தொலைத்தொடர்பு. இரவு கூட்டம் போட்டோம். பம்பை மாற்றுவோம் என்றார் ஒருவர், கட்டியவர் மேல் வழக்குப் போடுவோம் என்றார் இன்னொருவர். கீழ்வீட்டு அம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் குழாய் வேலை செய்யும் வயதான ஒருவரைக் கூட்டி வந்தோம். மேன்ஹோல் மூடியைத் திறந்து நீர்மட்டக் கருவியைப் பிடித்துச் சரிவு பார்த்தார். "ஐயா, குழாய் வெளியே போகப்போக உயருது. தண்ணி எப்படிப் போகும்?" அவ்வளவுதான். குழாய் பதித்தபோது சரிவை யாரும் அளக்கவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

பிள்ளைகளே, கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களில் பலவும் நூறு வயதைத் தாண்டியவை. நகரத்துக் கழிவு முகத்துவாரத்திலும் இதே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போகிறது. நாம் குடிப்பதில் பெரும்பங்கு களனி ஆற்றுத் தண்ணீர், அம்பத்தலையில் சுத்திகரித்து வருவது. யாழ்ப்பாணத்திலோ சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் நிலத்தடி நீர்தான் பெரும்பாலும் கதி. மேலே மலசலகூடக் குழியும் உரம் போட்ட தோட்டமும், கீழே கிணறு. கழிவிலும் உரத்திலும் இருக்கும் நைத்திரேற்று என்ற உப்பு கிணற்றுக்குள் இறங்காமல் என்ன செய்யும்? இதையெல்லாம் அளக்க ஆள் வேண்டும். குடிசார் பொறியியலுக்குள் நீர்வளமும் சுற்றாடலும் இருக்கின்றன. இரசாயனப் பொறியியல் படித்தவருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை இருக்கிறது.

தொழில்வாய்ப்பைப் பற்றி எனக்குப் பின் பேசுகிற பேராசிரியர் விரிவாகச் சொல்லுவார். நேரமும் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். விருப்பத்தை அளக்க நேரில் பார்க்க வேண்டும். அதற்காக இந்தக் கூட்டத்தை நடத்தும் சங்கத்திடம் ஒரே ஒரு வேண்டுகோள்: விருப்பப் படிவம் நிரப்ப முன்னர் இந்தப் பிள்ளைகளை அம்பத்தலைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். பஸ் செலவில் பாதியை நான் தருகிறேன். வர விரும்பும் பிள்ளைகள் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பெற்றோரும் வரலாம்.