எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும்

மதுரை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டவுன்ஹால் ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகத் தகவலைச் சேமிக்கும் டிரைவான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, பழைய கம்ப்யூட்டரில் மாட்டுகிறீர்கள். கொஞ்ச நாள் பறக்கிறது. அப்புறம், "என்னண்ணே, திரும்பப் பழையபடி ஆயிருச்சு" என்ற புகார் வருகிறது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும் இதைக் கேட்கிறேன். அநேகமாக டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். அதைக் கழுத்துவரை நிரப்பியிருப்பார்கள், இல்லையென்றால் மாட்டும்போது ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும்.

ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், ஊசி நகர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிற டிஸ்க் ஒரு சுற்றுக்கே 8 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை அதனால் விநாடிக்கு நூறு தடவை போலத்தான் எடுத்துக்கொடுக்க முடியும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொடுக்கும். விண்டோஸ் சீக்கிரம் திறப்பது இதனால்தான்.

ஆனால் எழுதுவதில் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் மெமரியை ஒரு நோட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக எழுதலாம். அழிப்பதென்றால் நோட்டு முழுவதையும்தான் அழிக்க முடியும். ஒரே ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமா? புதிதாக வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்ளும். கை ஓய்ந்த நேரத்தில், செல்லுபடியாகும் பக்கங்களை மட்டும் இன்னொரு நோட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய நோட்டை அழித்துக் காலி செய்யும். காலி இடம் இருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடக்கும். இடம் இல்லையென்றால், நீங்கள் ஃபைலைச் சேமிக்கக் காத்திருக்கும் அந்த நேரத்திலேயே இத்தனையும் நடந்தாக வேண்டும்.

நீங்கள் எதை அழித்தீர்கள் என்பதும் டிரைவுக்குத் தானாகத் தெரியாது. விண்டோஸ்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் டிரிம். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது. ஸ்டார்ட்டில் டிஃப்ராக் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் உங்கள் டிரைவுக்கு நேராக சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்க வேண்டும். கீழே கால அட்டவணை ஆன் என்று இருக்க வேண்டும். டிஃப்ராக் என்றால் ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றுசேர்ப்பது. பெயர் அப்படி என்றாலும், எஸ்எஸ்டியாக இருந்தால் விண்டோஸ் அங்கே டிரிம் வேலையைப் பார்க்கும். வெளியிலிருந்து டிஃப்ராக் மென்பொருள் எதையும் போட்டு ஓட்டாதீர்கள். டிரைவில் வீணாக எழுதித் தேய்வதுதான் மிச்சம்.

காலி இடத்தின் அருமை நம்ம ஊர்க் கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆவணி முகூர்த்தம் வந்துவிட்டால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோ வந்து இறங்கும். ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி போடும்போது பாருங்கள்: முதலில் விநாடிக்கு ஆயிரம் எம்பிக்கு மேல் ஓடும், பிறகு சட்டென்று படுத்துவிடும். டிரைவ் தன் காலி இடத்தில் ஒரு பகுதியை வேகமாக எழுதும் தற்காலிக இடமாக வைத்துக்கொள்கிறது. அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே தெரிகிறது. ஒரு மெமரி செல்லுக்குள் நான்கு பிட்டைத் திணிக்கும் விலை குறைந்த கியூஎல்சி டிரைவ்கள் சிலவற்றில் அது ஹார்டு டிஸ்க்கை விடக் கீழே போவதும் உண்டு. டிரைவ் நிரம்ப நிரம்ப இந்தத் தற்காலிக இடமும் சுருங்கும். எனவே ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி டிரைவாகக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் பணம் வீண்போகாது.

பில் போடுவதும் டிடிபி அடிப்பதும்தான் வேலை என்றால் ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே போதும். விநாடிக்கு 550 எம்பி வரை தரும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை 3,500, 7,000 என்றெல்லாம் போகும். ஆனால் வேர்டு திறப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தில் ராமை 8 ஜிபி ஆக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாட்டும்போது பழைய மதர்போர்டில் சாட்டா போர்ட்டுகளின் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் 3ஜி என்றும் சிலவற்றில் 6ஜி என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 6ஜியில் மாட்டுங்கள்; மற்றதில் வேகம் பாதிதான். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில், சாட்டா முறை பழைய ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். இதை விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. நிறுவிய பிறகு நேரடியாக மாற்றினால் நீலத்திரை வரலாம். ஏற்கனவே நிறுவியிருந்தால், முதலில் விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்னப் பட்டை வடிவ எம்.2 டிரைவ் வாங்குகிறவர்கள் மதர்போர்டு கையேட்டைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சில ஸ்லாட்டில் சாட்டா மட்டும், சிலவற்றில் என்விஎம்இ மட்டும்தான் வேலை செய்யும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையே 40 டிகிரியை நெருங்குகிறது. என்விஎம்இ டிரைவ் 70, 80 டிகிரிக்குப் போனால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் மாட்டும்போது அதன் அடியில் உள்ள மென்மையான பட்டையில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட வேண்டும். அதை அப்படியே விட்டு மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். டிரைவின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடுமோ என்று சிலர், ராம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் எழுதிக்கொள்ளும் பேஜ் ஃபைலை நிறுத்துவார்கள். வேண்டியதில்லை. பல 1 டிபி டிரைவ்களுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட முப்பது வருடத்துக்கு மேல் ஆகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். ஹார்டு டிஸ்க்கில் தவறி அழித்த படத்தை மென்பொருள் வைத்து மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் ஓடிவிட்டால் அழித்தது பெரும்பாலும் போனதுதான். தாலி கட்டும் நேரத்தை யாராலும் மறுபடி படம் எடுக்க முடியாது. ஆகவே ஆல்பம் வீட்டுக்காரர் கைக்குப் போகும் வரை இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி இருக்கட்டும். அதைத் திறந்து பார்த்த பிறகே கேமரா கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.