புத்திக்குத் தெரிகிறது, உடம்பு ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "இரண்டு வருடம் முன்பு சாலை விபத்தில் சிக்கினேன். எலும்பெல்லாம் கூடிவிட்டது. கவுன்சலிங் போய் நடந்ததைப் பலமுறை சொல்லியும் ஆகிவிட்டது. ஆனாலும் பின்னாலிருந்து ஹாரன் கேட்டால் கை கால் விறைத்துப்போகிறது. மூச்சுப்பயிற்சி, யோகா செய்தால் சரியாகுமா?"

சரியாக வாய்ப்பு நிறையவே இருக்கிறது. ஆனால் இதை மனத்திடம் குறைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பு வடிவம், அந்தப் பெயருக்கே கிரேக்கத்தில் பாதாம் என்றுதான் பொருள். ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. 'யாரோ வழி கேட்கிறார்கள்' என்று, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை யோசித்து முடிப்பதற்குள் அது மணியடித்துவிடும். இதயம் படபடக்கும், தோள் ஏறிக்கொள்ளும். இவ்வளவு நாள் பேசிப் பேசி நீங்கள் புரியவைத்தது முன்மூளைக்கு. அமிக்டலாவுக்குப் பேச்சு அவ்வளவாக எட்டாது, உடம்பின் அனுபவம் எட்டும்.

இந்த இடத்தில், 'அதிர்ச்சி தசையில் தேங்கியிருக்கிறது, பிழிந்து எடுத்துவிடலாம்' என்று சொல்பவர்களை நம்பிப் போய்விடாதீர்கள். தசைக்கு ஞாபகம் கிடையாது. அதை இறுக்கிப் பிடிக்க மூளை பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பையும் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சையில் முழுக்கதையையும் ஒரே மூச்சில் கேட்க மாட்டார்கள். "ஹாரன் என்று சொன்னதும் உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது?" என்பார் சிகிச்சையாளர். தாடை என்பீர்கள். அப்புறம் யோசித்து, வலது கால், பிரேக்கை மிதிக்கிற மாதிரி என்பீர்கள். அங்கேயே நிறுத்துவார். "அந்தக் காலை நிஜமாகவே தரையில் மெதுவாக அழுத்துங்கள். இப்போது தாடை எப்படி இருக்கிறது?" சிலருக்குப் பெருமூச்சு வரும், சிலருக்குக் கை நடுங்கும், கொட்டாவிகூட வரும். அடங்கியபிறகு நினைவை இன்னும் கொஞ்சம் தொட்டுவிட்டு மறுபடி திரும்புவது. தொட்டாலும் திரும்பி வர முடிகிறது என்பதை உடம்பு அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. அவசரப்பட்டால் பழைய பயமே இன்னொரு தடவை உறுதியாகும்.

மூச்சுப்பயிற்சியில் பலரும் தவறுவது எங்கே தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுப்பதில். உங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணை மூடினாலே படபடப்பு கூடலாம். திறந்தே இருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதை மெதுவாக்கும். அதனால் விடுவதை நீட்டுங்கள்: 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. இதை நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பழகவேண்டும். வெள்ளம் வந்தபிறகு நீச்சல் கற்க முடியாது.

யோகா பற்றி 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் பாதிப்பு (பிடிஎஸ்டி) வேறு சிகிச்சையில் சரியாகாத 64 பெண்கள், 10 வாரம். யோகா செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நோய்க்கான வரையறையிலிருந்தே வெளியே வந்தார்கள்; யோகா செய்யாத மற்றக் குழுவில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அதைத் தனி மருந்தாக அல்ல, சிகிச்சையோடு கூடுதலாகத்தான் கொடுத்தார்கள். ஆசிரியர் தொட்டுத் திருத்துகிற, 'இன்னும் வளையுங்கள்' என்று அதட்டுகிற வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

கவுன்சலிங்கை விட்டுவிடாதீர்கள், ஆனால் கவுன்சலரிடம் ஒன்று கேளுங்கள்: விபத்து அதிர்ச்சிக்கென்றே உள்ள சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா என்று. இஎம்டிஆர் என்று கண் அசைவை வைத்துச் செய்யும் முறையையும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடியில் அதிர்ச்சியை மையமாக வைத்த முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்திருக்கிறது. சும்மா திரும்பத் திரும்பக் கதை சொல்வது இரண்டிலும் சேராது.

சுற்றியிருப்பது கனவு மாதிரி ஆகிவிடுகிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் தனியாக எதையும் முயலாமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், வண்டி ஓட்டும்போது அந்த விறைப்பு வந்தால் மூச்சை எண்ணிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள், இறங்கி இரண்டு காலையும் தரையில் ஊன்றி நில்லுங்கள், அடங்கியபிறகு கிளம்புங்கள்.