பால்மா ரின்னும் வரம் வாங்கிய பூதமும்

வணக்கம் நேயர்களே. என்னை இங்கே கூப்பிட்ட தம்பி முதலில் கேட்டது, "ரீச்சர், கணக்குப் பாடத்தைப் பற்றி ஏதும் கதைப்பீங்களோ?" என்றுதான். தம்பி, கணக்கைப் பற்றி நான் கிழமையில் ஆறு நாள் கதைக்கிறேன், ஏழாம் நாள் பின்னேரம் என் வீட்டு விறாந்தையில் நடக்கிறதைக் கதைக்க விடுங்கோ என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பூதங்களோடு சண்டை பிடிக்கிறோம் என்று சொன்னதும் இன்னும் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் சரி என்றுவிட்டார், பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு பேர் செய்து வெளியிட்டது. கொம்பியூட்டர் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்போம், ஒருவர் கதை சொல்லுவார், மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஒரு ஆள். ஒருத்தி வாள்காரி, ஒருத்தன் மந்திரவாதி, இப்படி. கதை சொல்லுகிறவர்தான் வழியில் வருகிற எல்லாப் பூதத்துக்கும் பொறுப்பு. அது நான். நான் படிப்பித்த பிள்ளைகள் இரண்டு பெட்டையள், இரண்டு பெடியள் மற்றப் பக்கம். வாள் வீசினால் படுமா படாதா என்பதை இருபது முகமுள்ள கட்டை ஒன்றை உருட்டித் தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் கட்டைதான் எங்களிடம் இல்லை. நாங்கள் தொடங்கியது 2022 இல், அந்த வருசம் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாச் கடைசியில் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தோம், பால்மாவுக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ. அந்த நேரம் வெளிநாட்டிலிருந்து விளையாட்டுக் கட்டை எடுப்பித்தேன் என்றால் ஊர் சிரிக்கும். அதனால் கலியாணக் காட் மட்டையை ஒரே அளவாக இருபது துண்டு வெட்டி, 1 முதல் 20 வரை எழுதி, வெறும் பால்மா ரின்னுக்குள் போட்டேன். கண்ணை மூடி ஒரு துண்டு எடு, எண்ணைச் சத்தமாகச் சொல்லு, திரும்ப ரின்னுக்குள் போடு, குலுக்கு. திரும்பப் போடு என்பதை நான் இன்றுவரை அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போடாவிட்டால் ரின்னுக்கு ஞாபகம் வந்துவிடும். கட்டைக்கு ஞாபகமில்லை, போன முறை 3 விழுந்ததா 18 விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. ரின்னுக்குள் 3 குறைந்தால் அடுத்த எண் பெரிதாக வரும் வாய்ப்புக் கூடும், பிள்ளைகள் இதை ஒரே பின்னேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் 20 ஆம் நம்பர் துண்டையே காணவில்லை. அதுதான் ஆகப் பெரிய அடி, 20 வந்தால் குறி தப்பாது, காயமும் இருமடங்காகும். மூன்று கிழமை ஒருவருக்கும் 20 வரவில்லை, ஆளாளுக்குச் சந்தேகம், ஒருவரின் பென்சில் பெட்டியை மற்றவர் சோதிக்கிற அளவுக்குப் போனது. அது எங்கே இருந்தது என்று கடைசியில் சொல்கிறேன், ஞாபகப்படுத்துங்கோ.

சரி, பூதத்துக்கு வருவோம். பூதத்தைப் பெரிதாக்குகிறது சுலபம். எவ்வளவு அடி தாங்கும் என்கிற உயிர்ப்புள்ளியைக் கூட்டு, அடியைக் கூட்டு, முடிந்தது. ஆனால் அது பூதமில்லை, தடித்த சுவர். நின்று இடித்துக்கொண்டே இருக்கலாம். பூதத்தைப் பூதமாக்குவது அதன் தனிச்சக்தி. இதை வரம் என்று நான் சொன்னதும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் நாங்கள் எல்லாரும் சூரன்போர் பார்த்து வளர்ந்த ஆட்கள். ஐப்பசியில் கந்தசட்டி ஆறாம் நாள், கோயில் வீதியில் பெடியள் சூரனைத் தூக்கிக்கொண்டு ஆட்டுவார்கள், ஓடுவார்கள், முன்னால் வருவார்கள், பின்னால் போவார்கள். சண்டை நடுவில் தலையைக் கழற்றி யானைத் தலை போடுவார்கள், அப்புறம் சிங்கத் தலை, கடைசியில் மாமரம். சின்ன வயதில் நான் அப்பாவின் தோளில் இருந்துகொண்டு தலை மாறுகிற நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், முருகனைப் பார்க்கவே மாட்டேன். தலை மாறினால் சண்டையும் மாற வேண்டும், முதல் தலைக்குச் செய்தது இரண்டாவதுக்குச் சரிவராது. தனிச்சக்தியின் வேலை முழுக்க அதுதான்.

வரம் என்றால் அதில் ஒரு ஓட்டையும் இருக்கும். எங்கள் திருகோணமலை ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காத ஆள் யார்? தேவர், அசுரர், யட்சர் ஒருவராலும் சாவு வரக்கூடாது என்று வரம் கேட்ட இராவணன், மனிசரைச் சேர்க்க மறந்துபோனான். மறந்ததா, இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்ற எண்ணமா, அது வேறு கதை. அந்த ஓட்டை இல்லாவிட்டால் இராமாயணம் இல்லை. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸிலும் ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, உள்ளங்கை இருக்க வேண்டிய பக்கம் புறங்கை. யாரோ எங்கள் கதையைத் தூரத்திலிருந்து காதில் வாங்கி எழுதியிருக்கிறார்கள், நான் கோபிக்கவில்லை, சின்ன வயதில் டிராகனை நான் சிறகு வைத்த முதலை என்றுதான் நினைத்திருந்தேன்.

ட்ரோல் என்று ஒரு பூதம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், தம்பி கண்ணாடிக்கு அங்காலிருந்து பார்க்கிறார், பரவாயில்லை. நாங்கள் விளையாடுவது 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அதில் ட்ரோலுக்கு 84 உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு முறையும் தன் முறை தொடங்கும்போது அது 10 புள்ளியைத் திரும்பப் பெறும், காயம் கண் முன்னால் மூடும். என் பிள்ளைகள் அன்றைக்கு நாலு பேரும் சேர்ந்து சுற்றுக்கு 12 புள்ளி அளவில்தான் அடித்தார்கள், புதிது பாருங்கோ. ஓட்டைத் தாங்கிக் கணக்குத்தான் இது, ஒரு குழாய் நிரப்ப ஒரு குழாய் வெறுமையாக்கும், எத்தனை மணித்தியாலத்தில் தாங்கி காலியாகும் என்று ஓஎல் சோதனைக்கு வருமே. சுற்றுக்கு மிச்சம் 2. அப்படியே போனால் 37 ஆம் சுற்றில்தான் ட்ரோல் பூச்சியத்துக்கு வரும். அதற்குள் இவர்கள் நாலு பேரும் நாலு தரம் செத்திருப்பார்கள். அதைவிடக் கொடுமை, பூச்சியத்துக்கு வந்தாலும் சாகாது, அதன் முறை வந்ததும் பத்தோடு எழும்பும்.

ஓட்டை எங்கே? நெருப்பாலோ அமிலத்தாலோ காயம் பட்டால் அடுத்த முறை அந்த வளர்ச்சி வேலை செய்யாது. பூச்சியத்தில் கிடந்து, வளர்ச்சியும் இல்லாமல் தன் முறையைத் தொடங்கினால் மட்டும்தான் சாகும். எவ்வளவு நெருப்பு வேண்டும் என்று அதில் எழுதவில்லை. ஒரு புள்ளி போதும்.

அன்று மின்வெட்டு. மேசையில் குப்பி விளக்கு ஒன்று, சுற்றிவர நுளம்பு. மந்திரவாதிப் பெடியன் நெருப்பு மந்திரம் ஒன்றும் எடுத்துவரவில்லை, குளிர் மந்திரமாக எடுத்து வைத்திருந்தான், புழுக்கத்தில் எழுதின பட்டியல் போல. எட்டாம் சுற்று, ஒன்பதாம் சுற்று, ஒருத்தர் விழுந்துவிட்டார். ஆக இளைய பெட்டை, அவள் அதிகம் கதைக்காத பிள்ளை, குப்பி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "ரீச்சர், எங்கட சாமானுக்குள்ள தீப்பந்தம் இருக்கெல்லோ?" இருந்தது. தொடக்கத்தில் எல்லாருக்கும் நான் கொடுத்த பொதிக்குள், கயிற்றுக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில், ஒருவரும் திரும்பிப் பார்க்காத தீப்பந்தம். எரிகிற பந்தத்தால் அடித்தால் எவ்வளவு காயம் தெரியுமா? ஒரு புள்ளி நெருப்பு. 84 புள்ளிப் பூதத்துக்கு ஒன்று! அதற்குப் பிறகு மூன்று பேர் வேலையை அந்த ஒரு தீப்பந்தம் செய்தது. ஒவ்வொரு சுற்றும் அவள் பந்தத்தால் தொட, மற்றவர்கள் வெட்ட, ட்ரோல் எழும்பவேயில்லை.

அவளுக்கு எப்படித் தெரிந்தது? இதுதான் நான் சொல்ல வந்தது, இதை இரண்டு தரம் சொல்லுவேன், மூன்று தரமும் சொல்லுவேன். சண்டைக்கு முன்னமே நான் சொல்லியிருந்தேன், இந்தப் பூதத்தின் உடம்பில் ஒரு தழும்பும் இல்லை, இடது தோளில் மட்டும் ஆறாத தீக்காயம் ஒன்று. ஒரே வசனம், போகிற போக்கில். மற்ற மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள், இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் காட்டு, அப்புறம் அடி. வரத்தையும் காட்டு, ஓட்டையையும் எங்காவது வைத்துவிடு, கண்டுபிடிக்கிறது அவர்கள் பாடு. காட்டாமல் அடித்தால் அது பூதத்தின் கெட்டித்தனமில்லை, கதை சொல்லுகிறவரின் கள்ள ஆட்டம். அப்படி ஆடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வெல்ல வேண்டும் என்று பூதத்தை நடத்துவார்கள். பூதம் தோற்கப் பிறந்தது ஐயா, நல்லாய்த் தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

டிராகனின் நெருப்பு மூச்சையும் இப்படித்தான் பாருங்கோ. வளர்ந்த சிவப்பு டிராகன் ஊதினால் அறுபது அடி தூரத்துக்கு விரிந்து போகும், பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயின் வாயை விரலால் அமத்தினால் விசிறுமே, அந்த மாதிரி. ஆறு முகக் கட்டை பதினெட்டு உருட்டிக் கூட்ட வேண்டும், சராசரி 63 புள்ளி. விலகித் தப்பினாலும் பாதி படும். ஆனால் ஊதினால் உடனே திரும்ப ஊத ஏலாது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒரு கட்டை உருட்டி 5 அல்லது 6 விழுந்தால்தான் மூச்சு நிரம்பும். மூன்றில் ஒரு வாய்ப்பு. மூன்று முறை உருட்டினால் கட்டாயம் வரும் என்று நினைக்காதீர்கள், மூன்று முறையும் வராமல் போக நூற்றுக்கு முப்பது அளவில் இடமிருக்கிறது, என் வகுப்பில் பாதிப் பேர் இதைப் பிழையாகத்தான் செய்வார்கள். இந்தக் கட்டையை மட்டும் நான் ரின்னில் எடுப்பதில்லை, லூடோக் கட்டையைத் தேத்தண்ணிச் சோசரில் எல்லாருக்கும் தெரிய உருட்டுவேன். அந்தக் கிணிங் சத்தம் கேட்டால் விறாந்தை அடங்கிவிடும். ஒன்றாய் நிற்கிறவர்கள் விலகி நிற்கப் பார்ப்பார்கள், விலகி நின்றால் காயப்பட்டவனைத் தூக்க ஆள் எட்டாது. அந்த இழுபறிக்காகத்தான் டிராகன். 63 புள்ளிக்காக இல்லை.

மெடூசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணைப் பார்த்தால் கல். ஆக முந்திய பதிப்புகளில் ஒரே ஒரு முறை துண்டு எடுக்கலாம், தவறினால் நீங்கள் சிலை, வீட்டுக்குப் போகலாம். எனக்கு அது பிடிக்காது. 2014 பதிப்பில் அது இரண்டு படி. 14 எடுக்க வேண்டும், ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தால்தான் உடனே கல், இல்லாவிட்டால் கை கால் இறுகத் தொடங்கும், அடுத்த முறை முடிவில் இன்னொரு தரம் எடுக்கலாம். அந்த இடைப்பட்ட ஒரு சுற்றில் மேசையில் நடக்கிற கூச்சலை நீங்கள் கேட்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டும் சண்டை பிடிக்கலாம், ஆனால் இரண்டு துண்டு எடுத்துச் சின்னதை வைத்துக்கொள்ள வேண்டும்.

கறள் பூதம் ஒன்று இருக்கிறது, இரும்பைத் தொட்டால் கறள் பிடிக்கப்பண்ணும், வாள், கவசம் எல்லாம். கைகாக்ஸ் இதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா, ஹொங்கொங்கில் செய்த மலிவு பிளாஸ்ரிக் பொம்மை ஒன்றிலிருந்து. திருவிழாக் கடையில் பையோடு தொங்குமே, என்ன மிருகம் என்றே தெரியாத மிருகங்கள், அந்த இனம். மற்ற ஊர்களில் இந்தப் பூதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கடற்காற்று அடிக்கிற உப்புவெளியில் வீடு கட்டி இரும்புக் கேற் போட்டவர்களுக்கு நான் என்ன சொல்ல? மந்திரவாதி சிரித்துக்கொண்டு நிற்பான், அவனிடம் தடி மட்டும்தான். வாள்காரி அழுவாள். புள்ளி ஒன்றும் பெரிதாகக் குறையாமலே ஒருவரை ஓட வைக்கிற பூதம் இது, எனக்கு மிகவும் பிடித்தது.

தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். பெரிய டிராகன்களுக்கு மற்றவர்களின் முறைகளுக்கு இடையிலும் ஒரு வாலடி, ஒரு சிறகடி என்று மூன்று செயல் கூடுதலாக உண்டு, ஏனென்றால் நாலு பேர் நாலு தரம் அடிக்க அது ஒரு தரம் அடித்தால் எவ்வளவு பெரிய பூதமும் நோஞ்சான்தான். மந்திரத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு நாளைக்கு மூன்று தரம் "நான் தப்பிவிட்டேன்" என்று சொல்லவும் உரிமை உண்டு. அந்த மூன்றையும் நான் மேசையில் மூன்று புளியங்கொட்டையாக வைப்பேன், பாவித்தால் ஒன்றை எடுப்பேன், பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதிலும் அதே கதைதான், காட்டு, அப்புறம் அடி. ஓநாய்க் கூட்டத்தையும், நாங்கள் சொந்தமாகச் செய்த கன்னியா வெந்நீர்ப் பூதத்தையும் சொல்ல இருந்தேன், ஏழு கிணறு, ஏழு சூடு, அதற்கு இனி நேரமில்லை.

ஓம் ஓம், முடிக்கிறேன். அந்த 20 ஆம் நம்பர் துண்டு. கரண்ட் வந்து, ரோச்சைக் கழற்றித் துடைத்த அன்று கண்டுபிடித்தோம். பட்டரி ஆடுகிறதென்று பின்னுக்கு மட்டைத் துண்டு ஒன்றை மடித்து அடைத்திருந்தது நான்தான். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்கள். வணக்கம்.