முதல் தொகுப்பும் மூன்றாவது மீளமைப்பும்

அனைவருக்கும் வணக்கம்.

புதுப்பயனர்களை வரவேற்பது பற்றிப் பாதி நேரமும், சச்சரவுகளைத் தீர்ப்பது பற்றி மீதி நேரமும் பேசுமாறு அமைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. விக்கிப்பீடியாவில் நான் பார்த்த சண்டைகளில் பல, ஒரு புதியவரை யாரோ அவசரப்பட்டுக் கையாண்ட இடத்தில் முளைத்தவை. அந்த ‘யாரோ’வில் நானும் அடக்கம் என்பதால், என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் இரவு, யார் எதை மாற்றினாலும் உடனே பட்டியலிடும் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தி முழுதாகக் காணாமல் போயிருந்தது. நீக்கியவருக்கு அதுதான் முதல் தொகுப்பு, அதாவது விக்கிப்பீடியாவில் அவர் செய்த முதல் மாற்றம். மாற்றத்துக்குக் காரணம் சொல்லும் தொகுப்புச் சுருக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மேற்கோளோடு இருக்கும் பத்தியைக் காரணம் சொல்லாமல் நீக்கினால் விஷமம் என்று கருதுவது எங்களுக்குக் கைப்பழக்கம். மீளமைத்தேன், அதாவது பக்கத்தைப் பழையபடிக்கே திருப்பினேன், ஒரு நொடி வேலை. சற்று நேரத்தில் மறுபடியும் நீக்கினார். மறுபடியும் மீளமைத்தேன், கூடவே அவருக்குச் செய்தி எழுதும் இடமான பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வார்ப்புரு ஒன்றையும், அதாவது ஆயத்தமாக இருக்கும் வாசகத்தை, ஒட்டினேன். மூன்றாம் முறை அவர் கட்டுரைப் பக்கம் போகவில்லை. என் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, கையொப்பம் இடக்கூடத் தெரியாமல், ஒரு வரி எழுதினார்: “அந்தப் பாலம் இந்த ஊரில் இல்லை, இதே பெயரில் இன்னோர் ஊர் இருக்கிறது, அங்கே இருக்கிறது.”

மேற்கோள் காட்டப்பட்டிருந்த நூலைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பத்தியை நானே நீக்கிவிட்டு, வருத்தம் தெரிவித்து எழுதினேன். பதில் இல்லை. அவருடைய பங்களிப்புப் பட்டியலில் மொத்தம் மூன்று தொகுப்புகள்: இரண்டு நீக்கல், ஒரு விளக்கம்.

விதிகள் இல்லாமலா இதெல்லாம் நடக்கிறது? நல்லெண்ணம் இருப்பதாகவே கொள்ளுங்கள் என்கிறது ஒரு வழிகாட்டல். புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்கிறது இன்னொன்று. இரண்டையும் மனப்பாடமாகச் சொல்பவன்தான் நான். ஆனால் மீளமைக்கும் பொத்தான் விரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வழிகாட்டல் எங்கோ வேறொரு பக்கத்தில் இருக்கிறது.

2001-ல் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியபோது விஷமத்தைவிட வெறுமைதான் பெரிய பிரச்சினை. யார் எதை எழுதினாலும் லாபம். 2007-ல் மாதம் ஐந்து தொகுப்புகளாவது செய்பவர்கள் அங்கே 50,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கை சரியத் தொடங்கி, 2013 வாக்கில் ஏறத்தாழ 31,000-க்கு வந்தது. அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, விஷமத்தைத் தடுக்கக் கட்டிய கருவிகளும் இறுகிப்போன விதிகளும் நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்து விரட்டியதைக் காட்டியது. களை எடுக்கப் போய் நாற்றையும் பிடுங்கியிருக்கிறோம்.

வரவேற்பு வார்ப்புருவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாரும் இதுவரை எழுதாத பேச்சுப் பக்கத்தின் இணைப்பு சிவப்பாக இருக்கும். வார்ப்புருவை இட்டதும் நீலமாகிவிடும். அதைப் பார்ப்பவர்கள், இவரிடம் யாரோ பேசியாகிவிட்டது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் ஒருவரும் பேசவில்லை. இருபது இணைப்புகள் கொண்ட பெட்டி ஒன்று அங்கே நிற்கிறது, அவ்வளவுதான். “நீங்கள் திருத்திய ஆண்டு சரிதான், எந்த நூலில் பார்த்தீர்கள்?” என்ற ஒரு கேள்வி அந்தப் பெட்டியைவிட மேல். தான் எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிகிறதே!

இனி சச்சரவு. ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிரைப் பற்றிய கட்டுரைத் தலைப்பில் ‘எச்’ எழுத்து வேண்டுமா வேண்டாமா (yoghurt-ஆ, yogurt-ஆ) என்ற வழக்கு 2011 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது. சிரிக்கலாம். ஆனால் தமிழில் கிரந்த எழுத்து பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்பதை எண்ணிவிட்டுச் சிரிக்க வேண்டும். நம் பொது உரையாடல் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்தவர்களுக்குப் பஞ்சாயத்து பற்றிய முன்னறிவு இருந்திருக்கிறது.

ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மாறி மாறி மீளமைக்கும் தொகுப்புப் போருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கடிவாளம் உண்டு: ஒரே பக்கத்தில் ஒருவர் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது. இந்த விதி யார் சொல்வது சரி என்று கேட்பதே இல்லை. சரியானதை நான்காம் முறை மீளமைத்தவரும் தடை செய்யப்படலாம். தொடக்கத்தில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இப்போது படவில்லை. சண்டையில் நிற்கும் இருவருமே தான் சொல்வது சரி என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு விலக்கு அளித்தால் விதியே இருக்காது. நிர்வாகி வந்து, சண்டை நிற்கட்டும் என்று பக்கத்தை மாற்ற முடியாதபடி பூட்டினால், அவர் பூட்டியது எப்போதுமே ‘தவறான பதிப்பு’தான் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. இரு தரப்பும் அப்படித்தான் முறையிடும்.

கடிவாளம் வண்டியை நிறுத்தும், வழி சொல்லாது. என் அனுபவத்தில் பலித்த வழி ஒன்றே ஒன்று. உரையாடல் பக்கத்தில் இருவரிடமும் ஒரு வேலை கொடுப்பேன்: எதிர்த்தரப்பின் கருத்தை, அதற்கான நூல் சான்றோடு, நீங்கள் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். பலர் மறுப்பார்கள். எழுதுகிறவர் நூலைத் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்த பிறகு, “இந்த நூல் இப்படிச் சொல்கிறது, அந்த நூல் அப்படிச் சொல்கிறது” என்று இரண்டையும் கட்டுரையில் வைக்க ஒப்புக்கொள்வது முன்பு இருந்ததைவிட எளிதாகிறது. நடுநிலை நோக்கு என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஆளைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் நான் அந்த உரையாடலை அங்கேயே வெட்டிவிடுவேன். “உங்களுக்கு இலக்கணம் தெரியாது” என்ற வாக்கியத்துக்குப் பிறகு ஒரு கட்டுரையும் மேம்பட்டதை நான் பார்த்ததில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். திரையில் அண்மைய மாற்றங்கள் பக்கம் திறந்திருக்கிறது, பாருங்கள். மேலிருந்து நான்காவது வரி. ஒரு கட்டுரையில் பிறந்த ஆண்டை மாற்றியிருக்கிறார், சுருக்கம் எழுதவில்லை, பேச்சு இணைப்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. அவருக்கு யார் எழுதுகிறீர்கள்?