சுவர் எழும் முன்பே கலைஞரை அழையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சமுதாயக் கூடங்களில் இடம்பெறும் கலைப்படைப்புகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். கட்டடம் முடிந்து, வண்ணமும் பூசி, திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு ஒரு வெற்றுச் சுவர் யாரோ ஒருவரின் கண்ணை உறுத்தும். உடனே ஓவியரைத் தேடுவார்கள். அப்படிக் கிடைப்பதைக் கழற்றி வேறெந்தக் கூடத்தில் மாட்டினாலும் பொருந்திவிடும். இடத்துக்கென்றே ஒரு படைப்பு வேண்டுமென்றால், வரைபடம் மேசைமீது இருக்கும்போதே கலைஞரும் அருகில் இருக்க வேண்டும். அப்போது தரை, சன்னல், படிக்கட்டின் கைப்பிடி, கூரைவழி இறங்கும் வெளிச்சம் எல்லாமே அவருக்குக் கருவியாகும். சிற்பத்தின் சுமையைப் பொறியாளரும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வார்.

கலைஞருக்குத் தரும் குறிப்பில் புறா வேண்டும், கைகோத்த குழந்தைகள் வேண்டும் என்றெல்லாம் எழுதாதீர்கள். கூடத்துக்கு யார் வருகிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள், எங்கே காத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். மற்றதை அவர் நேரில் வந்து பார்த்துக்கொள்வார். அந்த நாட்களுக்கும் ஊதியம் கொடுங்கள். பலரிடம் இலவசமாக வரைவு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு மட்டும் வேலை தருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பயன்படுத்தும் மக்களிடம் எப்போது கேட்பது? நியூயார்க்கில் அரசு அலுவலகக் கட்டடத்தின் முன்னுள்ள ஃபெடரல் பிளாசா சதுக்கத்தில் 1981இல் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் எஃகுச் சுவர் ஒன்று நிறுவப்பட்டது. 120 அடி நீளம், 12 அடி உயரம். சதுக்கத்தைக் குறுக்கே மறித்ததால் மக்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கே பணியாற்றிய பலர் எதிர்த்தார்கள். இடம் மாற்றினால் படைப்பே அழிந்துவிடும் என்றார் செர்ரா. 1985இல் பொது விசாரணை நடந்தது. 1989இல் அதை அகற்றிவிட்டார்கள். செர்ரா சொன்னதும் சரி, தினமும் சுற்றி நடந்தவர்களின் எரிச்சலும் சரி என்பதே என் எண்ணம். ஆனால் அந்த விசாரணை சுவரை நிறுவுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது.

அகற்றுவதைப் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. தில்லியில் அரசின் மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் கழற்றப்பட்டுச் சேதமடைந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படைப்பு அரசின் கையில் இருந்தாலும், அது சிதையாமல் காக்கக் கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்றது. எஞ்சிய பகுதிகளையும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் அவருக்குத் தரச் சொன்னது. ஆகவே கூடத்தை விரிவாக்க நேர்ந்தால் கலைஞருக்கு எத்தனை நாள் முன்பு தெரிவிப்பது, பழுதானால் யார் செலவில் சரிசெய்வது என்பதையெல்லாம் முதலிலேயே பேசி முடியுங்கள்.

பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். எதைக் கொண்டு துடைக்கலாம், எதைக் கொண்டு துடைக்கக் கூடாது என்று கலைஞரிடமே எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் கோப்பில் வைத்துப் பூட்டிவிடாமல், துடைப்பவர் கையில் கொடுங்கள். நன்றி, வணக்கம்.