கடைமடைக்கு வரும் வெயில்

(வேதாரண்யத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் அங்கங்கே சிதறியதைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்கு வந்து சூரியசக்தியைப் பற்றிப் பேச வேண்டும் என்றபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம் அது. அகஸ்தியம்பள்ளியில் பாத்தி கட்டி, உப்புத்தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலை மட்டும் நம்பி உப்பு விளைவிக்கிறவர்கள் நீங்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து இங்கே உப்பு அள்ளினார். அந்த உப்பைச் செய்தது வெயில். யோசித்துப் பார்த்தால் வெள்ளைக்காரன் வரி போட்டது நம் வெயிலுக்குத்தான்.

நோட்டீஸில் ‘புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் உலக நாடுகளின் ஒத்துழைப்பு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். படித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். சரி, நமக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2018 நவம்பரில் கஜா அடித்த மறுநாள் காலை. தென்னை எல்லாம் தலைவிரித்துக் கிடந்தது. மின்கம்பங்கள் முறிந்து வயலில் படுத்துக்கிடந்தன. வாரக்கணக்கில் இருட்டு. அப்போது கேரளத்திலிருந்து மின்வாரிய ஊழியர்கள் நம் பக்கம் வந்து கம்பம் நட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அவர்கள் ஊரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆட்கள்தான். அதற்கடுத்து நினைவுக்கு வருவது ஒரு வீட்டுத் திண்ணை. நான் போயிருந்த தெருவில் ஒரே ஒரு வீட்டில் கையகல சோலார் பலகையும் பழைய பேட்டரியும் இருந்தன. திண்ணையில் நாற்பது செல்போன் வரிசையாகக் கிடந்தது, ரேஷன் கடையில் பை போட்டு இடம் பிடிப்பதுபோல. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்லத்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

அந்தப் பலகை எங்கே செய்தது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்போம்.

சிலிக்கானில் வெயிலை மின்சாரமாக்கும் வில்லையை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். பல காலம் அது செயற்கைக்கோளுக்கு மட்டும் கட்டுப்படியாகிற பொருளாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் அதன் திறனைக் கூட்டிக்கொண்டே போனது. அங்கே படித்த சீன மாணவர்கள் சிலர் ஊருக்குத் திரும்பித் தொழிற்சாலை தொடங்கினார்கள். வாங்க ஆள்? ஜெர்மனி 2000-இல் ஒரு சட்டம் போட்டது. கூரையில் பலகை வைத்து யார் மின்சாரம் தந்தாலும் இருபது வருடத்துக்கு நிச்சயமான நல்ல விலை உண்டு என்றது. அந்தச் செலவை ஜெர்மன் குடும்பங்கள் மாதாமாதம் கரண்ட் பில்லில் கட்டின. அந்தக் காசில் சீனத் தொழிற்சாலைகள் பெருத்தன, விலை சரிந்தது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் பெரிய சோலார் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகும் செலவு சுமார் 85 விழுக்காடு குறைந்தது என்கிறது சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை. இன்று உலகில் பலகை செய்யும் வேலையின் ஒவ்வொரு படியிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது.

கவனியுங்கள், இப்படி நடக்க வேண்டும் என்று நாலு நாடும் உட்கார்ந்து கையெழுத்துப் போடவில்லை. அவரவர் கணக்கை அவரவர் பார்த்தார்கள். ஜெர்மனியில் ஒரு கிழவி கட்டிய பில்லில் நம் திண்ணைப் பலகை மலிவானது. கையெழுத்துப் போட்ட ஒத்துழைப்புகள் இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கின்றனவா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவே வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டார்கள், அமைச்சர் பூத்தூவினார் என்று பேப்பரில் படம் வரும். தலைமடைக்காரர் அன்றைக்கே நாற்றங்காலுக்கு விதை ஊறவைத்துவிடுவார். கடைமடையில் இருக்கும் தலைஞாயிறுக்காரர் என்ன செய்வார்? வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திறந்தது ஒரு செய்தி, வந்து சேர்ந்தது வேறு செய்தி. உலக மாநாட்டு அறிவிப்புகளை நான் படிப்பது இந்தக் கண்ணோடுதான். 2023 டிசம்பரில் துபாய் மாநாட்டில், புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திறனை 2030-க்குள் மூன்று மடங்காக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நல்லது, மதகு திறந்தாயிற்று. கடைமடைக்கு எவ்வளவு வந்தது?

வெயிலுக்கு மேலணை கிடையாது, கீழணை கிடையாது, நடுவர் மன்றமும் வேண்டாம். உலகின் சிறந்த வெயிலில் 60 விழுக்காடு ஆப்பிரிக்காவில் அடிக்கிறது. ஆனால் உலகச் சோலார் திறனில் அந்தக் கண்டத்தின் பங்கு 1 விழுக்காடு என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்குச் சொன்னது. 60 கோடிப் பேருக்கு அங்கே மின்சாரமே இல்லை. வெயில் வந்தது, பலகை வரவில்லை. தடுத்து நிற்கும் ஷட்டரின் பெயர் வட்டி.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அனல் மின்நிலையம் என்றால் கட்டிய பிறகும் தினம் நிலக்கரி வாங்க வேண்டும், செலவு வருடம் முழுக்கப் பரவிக் கிடக்கும். சோலாரில் அப்படியில்லை. மொத்தச் செலவும் முதல் நாளே, அப்புறம் வெயில் இலவசம். ஆகவே சோலாருக்கு உண்மையான எரிபொருள் கடன்தான். ஒரு லட்சம் ரூபாயை நான்கு சதவீத வட்டிக்கு வாங்கி இருபது வருடத்தில் அடைத்தால் வருடத்துக்குச் சுமார் 7,360 ரூபாய் கட்டுவீர்கள். பன்னிரண்டு சதவீதம் என்றால் 13,390. அதே பலகை, அதே வெயில், மின்சாரத்தின் விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணக்கார நாட்டுக்குக் கிடைக்கும் வட்டி ஒன்று, ஏழை நாட்டுக்குக் கிடைக்கும் வட்டி வேறு. கந்துவட்டிக்கு வாங்கிக் குறுவை போட்டவர்கள் இங்கே இருந்தால் நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

வட்டி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலில் மின்சாரமாகிறது. நம் குறுவைக்கு மோட்டார் ஓடும் காலமும் அதுதான், பொருத்தத்தைப் பாருங்கள். எண்பதுகளின் கடைசியில் இங்கே காற்றாலை நிற்குமா என்று செய்து பார்க்க டென்மார்க் அரசு உதவியது. கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் அமைக்கவும் அவர்கள் தொழில்நுட்பமும் கொஞ்சம் பணமும் தந்தார்கள். பின்னால் ஆலைகள் ஏராளமாக வந்து, மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி போதாமல், நல்ல காற்று அடிக்கும்போதே நிறுத்தி வைத்த காலமும் உண்டு. விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் போட்டு வைக்கிறோமே, அதே கதை. கம்பி இழுக்க 2013-இல் ஜெர்மனி 100 கோடி யூரோ மலிவுக் கடன் தருவதாக ஒப்புக்கொண்டது. மாநிலங்களுக்குள் போட்ட பாதைகளில் செலவின் நாற்பது விழுக்காடு அந்தக் கடன், நாற்பது மத்திய அரசின் மானியம், மீதி இருபது மாநிலத்தின் கைக்காசு. திறப்பு விழாவில் யாரும் கம்பிக்கு மாலை போடுவதில்லை. ஆனால் என்னைக் கேட்டால் வெளிநாட்டு உதவியில் உருப்படியானது இந்த மாதிரிக் கம்பிதான்.

இனி, கைகுலுக்கிய கதை. 2015 நவம்பர் 30, பாரிஸ். இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து சர்வதேச சூரியசக்திக் கூட்டணியை அறிவித்தன. தலைமையகம் குருகிராமில். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் உள்ள வெயில் நாடுகளுக்காகத் தொடங்கியது, பின்னால் எல்லாருக்கும் கதவைத் திறந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர். சரி, பாரிஸில் கைதட்டல் ஓய்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2016 பிப்ரவரியில் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு வருகிறது: இந்தியா தன் சூரியசக்தித் திட்டத்தில் உள்நாட்டுப் பலகையைத்தான் வாங்க வேண்டும் என்று விதித்தது தவறு. வழக்குப் போட்டது அமெரிக்கா. அதே ஆண்டு இந்தியாவும் திருப்பி ஒரு வழக்குப் போட்டது, உங்கள் மாநிலங்களும் அதைத்தானே செய்கின்றன என்று. அந்த அமெரிக்கா 2021-இல் நம் கூட்டணியில் 101-ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணம் மாதிரி, கோர்ட்டில் கேஸும் நடக்கும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தும் சாப்பிடுவார்கள்.

இதெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். கோடியக்கரையில் நின்று தெற்கே பாருங்கள், நூறு கிலோமீட்டருக்குள் இலங்கையின் நெடுந்தீவு. பக்கத்தில் நயினாதீவு, அனலைதீவு. நம் மொழி பேசுகிற மீனவர்கள், டீசல் ஜெனரேட்டர் மின்சாரம். டீசல் படகில் வர வேண்டும். அந்த மூன்று தீவுக்கும் வெயிலும் காற்றும் பேட்டரியும் சேர்ந்த ஒரு மின்திட்டம் போட்டார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு நடந்த டெண்டரில் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. நம் கரைக்கு இவ்வளவு அருகில் சீனாவா என்று டெல்லி ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு, ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியா அதே திட்டத்தைத் தன் மானியத்தில் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டது. கடனாக வரவிருந்தது தீவுக்காரர்களுக்கு இனாமாக வருகிறது, லாபம்தான். ஆனால் இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் ‘நான்தான் விளக்கேற்றுவேன்’ என்று மல்லுக்கு நின்ற அத்தனை மாதமும், அந்தத் தீவில் படிக்கிற பிள்ளைக்கு டீசல் வந்தால்தான் வெளிச்சம். வல்லரசுகளின் போட்டியால் சிறியவர்களுக்கு நன்மைதான் என்று எழுதுகிறவர்களை ஒரு மாசம் அங்கே குடியிருக்கச் சொல்ல வேண்டும்.

சூரியசக்திக் கூட்டணி செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். இருபத்திரண்டு நாடுகளின் தேவையைச் சேர்த்து, 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோலார் பம்புக்கு ஒரே டெண்டராக விலை கேட்டார்கள். ஊரே சேர்ந்து ஒரே லாரியில் உரம் இறக்கினால் மூட்டைக்கு விலை குறைகிறதல்லவா, அந்த யுக்தி. விலை இறங்கியது. இறங்கிய விலையைக் கொடுக்கவும் கையில் காசு வேண்டும் என்பதால் மறுபடி வட்டிக்கே வந்து நிற்கிறோம்.

பம்பு என்றதும் என் சித்தப்பா கதை. மன்னார்குடிப் பக்கம் ஐந்து குதிரைத்திறனில் சோலார் பம்பு போட்டார். அதற்கு முன்னால் மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்கு வரும், கையில் டார்ச்சோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து பயந்து போய் மோட்டார் போடுவார். பம்பு வந்த பிறகு காலைக் காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் போனார். இரண்டு வருடம் ராஜா. மூன்றாம் வருடம் வைகாசியில், நாற்றங்கால் விட்டு ஒன்பதாம் நாள், கன்ட்ரோலர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பார்க்க வந்த பையன் ‘போர்டு போயிடுச்சு ஐயா, வெளிநாட்டிலிருந்து வரணும்’ என்றான். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டு கேட்டது. போர்டு வர எழுபது நாள். சித்தப்பா டீசல் என்ஜினை வாடகைக்கு எடுத்து நாற்றைக் காப்பாற்றினார். பலகை எல்லாம் வெயிலில் பளபளவென்று சும்மா நின்றது, காக்கை உட்கார. ஒப்பந்தங்களில் மெகாவாட் எழுதுகிறார்கள். உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், பழுது பார்க்க மன்னார்குடியில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுப்பீர்கள் என்றும் எழுத வேண்டாமா?

இன்னொன்று, கைதட்டு வராது என்று தெரிந்தே சொல்கிறேன். மின்சாரமும் இலவசம், வெயிலும் இலவசம் என்றால் போர்வெல்லிலிருந்து இறைப்பதற்கு அளவே இருக்காது. கடலோரத்தில் நல்ல தண்ணீரை உறிஞ்சினால் அந்த இடத்துக்கு உப்புத்தண்ணீர் ஏறும். பம்பு கொடுக்கிற எந்தக் கூட்டணியும் அதைத் தடுக்க வராது, அது நம் வேலை.

பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். பின்வரிசையில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர் எழுந்தார்.

“தம்பி, ஜெர்மனி, டென்மார்க் எல்லாம் சரி. எங்க ஊரு உப்புக்காத்து இரும்பையே தின்னுடும். அந்தப் பலகை நிக்குமா?”

அன்று வந்த கேள்விகளில் இதுதான் உருப்படி. நான் சொன்னது இது: ஜெனீவாவில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், சுருக்கமாக ஐ.இ.சி., என்று ஒன்று இருக்கிறது, 1906-இல் தொடங்கியது. பல நாட்டு எஞ்சினியர்கள் கூடி, ஒரு பொருளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுதி வைப்பார்கள். கடலோரப் பலகைக்கென்றே ஒரு சோதனை உண்டு, உப்புப் பனிமூட்டத்தில் வைத்து அரிக்கிறதா என்று பார்ப்பது. அதன் எண் 61701. விற்க வருகிறவரிடம் விவரத்தாளைக் கேளுங்கள். அதில் ஐ.இ.சி. 61701 என்று இருந்தால் மேலே பேசுங்கள், இல்லாவிட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பலகை நின்றாலும் தாங்கும் ஸ்டாண்டு துருப்பிடிக்கும், அதற்கு நல்ல துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

பெரியவர் பக்கத்திலிருந்த பையனிடம் பேனா வாங்கி, கூட்டத்து நோட்டீஸின் பின்பக்கத்தில் அந்த எண்ணை எழுதச் சொன்னார். பையன் எழுதியதும் ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.